டான்சிங் வித் த ஸ்டார்ஸ்: வருடத்துக்கு ஒரு சீசன் போதுமா, பழையபடி இரண்டு வேண்டுமா?

ரிமோட்ராணி:

அமெரிக்காவில் ஏபிசி சேனலில், பிரபலங்கள் தொழில்முறை நடனக்காரர்களோடு ஜோடி சேர்ந்து ஆடும் டான்சிங் வித் த ஸ்டார்ஸ் போட்டியின் சீசன் 34 முடிந்ததிலிருந்து செவ்வாய்க்கிழமை இரவு வெறிச்சென்று இருக்கிறது. நவம்பர் 25 அன்று ராபர்ட் இர்வினும் அவருடைய நடன ஜோடி விட்னி கார்சனும் மிரர்பால் கோப்பையைத் தூக்கினார்கள். 2015இல் அக்கா பிண்டி இர்வின், 2025இல் தம்பி. நல்ல முடிவுதான். ஆனால் இனி அடுத்த செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

நான் நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் இந்த நிகழ்ச்சி வருடத்துக்கு இரண்டு முறை வரும். ஸ்பிரிங்கில் (வசந்தத்தில்) ஒன்று, ஃபாலில் (இலையுதிர் காலத்தில்) ஒன்று. 2019இலிருந்து ஸ்பிரிங் சீசன் இல்லை. அப்போது பார்க்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், நிறுத்தினார்கள், சரி. இந்த வருடம் நிலைமை வேறு. சீசன் போகப் போகக் கூட்டம் சேர்ந்தது. காலேஜ் படிக்கிற பிள்ளைகள்கூட உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள். சமூக ஊடகப் பிரபலம் அலிக்ஸ் ஏர்லுக்கு ஒரு கட்சி, பாவம் நகைச்சுவை நடிகர் ஆண்டி ரிக்டருக்கு ஒரு கட்சி. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா? ஏபிசி மறுபடி வருடத்துக்கு இரண்டு போட்டால் என்ன குறைந்துவிடும்?

பழையசேனல்:

வேண்டாம் ராணி, தயவுசெய்து வேண்டாம். இதே ஏபிசி ஏற்கெனவே ஒருமுறை காற்றுள்ளபோது தூற்றி, களத்தில் நெல்லே இல்லாமல் செய்திருக்கிறது. 1999 ஆகஸ்டில் ரீஜிஸ் ஃபில்பினை வைத்து ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர் தொடங்கினார்கள். நாம் கோன் பனேகா குரோர்பதி என்று பார்த்தோமே, அதன் அமெரிக்கப் பதிப்பு. ஊரே பார்த்தது. உடனே ஆசை வந்து வாரத்துக்கு நான்கைந்து இரவுகள் போட்டார்கள். 2002இல் இரவு நேர ஒளிபரப்பே நின்றது. அது கெட்ட நிகழ்ச்சி என்று யாரும் சொல்லவில்லை. டிவியைப் போட்டாலே அது ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்த நடன நிகழ்ச்சி 2005 ஜூன் 1 அன்று கோடைக்காலத்தில் சும்மா ஒரு சோதனையாக வந்தது. ஆறு ஜோடி, ஆறு வாரம். கெல்லி மொனாகோ ஜெயித்தார். அவர் ஏபிசியின் சொந்தத் தொடரில் நடிப்பவர் என்பதால் ஜான் ஒ'ஹர்லி ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். செப்டம்பரிலேயே இருவருக்கும் மறு ஆட்டம் வைத்து அதில் ஒ'ஹர்லி ஜெயித்தார். அவ்வளவு பசி இருந்தது மக்களுக்கு.

அப்புறம் 2006 முதல் 2018 வரை தவறாமல் வருடத்துக்கு இரண்டு. சீசன் 2 முதல் 27 வரை, மொத்தம் 26 சீசன். ஒரு சீசனுக்கு 12 பேர் என்று வைத்தாலே 300 பிரபலங்களுக்கு மேல். அமெரிக்கா பெரிய நாடுதான். ஆனால் நேரலையில் ஆடத் தயாராக, நேரமும் துணிச்சலும் உள்ள, நாலு பேருக்குத் தெரிந்த முகம் எத்தனை இருக்கும்? 2012 ஃபாலில் பழைய போட்டியாளர்களையே கூப்பிட்டு ஆல்ஸ்டார்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கொண்டாட்டம் என்றார்கள். எனக்கென்னவோ சரக்கு தீர்ந்த கடையில் பழைய ஸ்டாக்கைத் துடைத்து அடுக்கியது போலத்தான் இருந்தது.

அரைத்தூக்கம்:

//நாலு பேருக்குத் தெரிந்த முகம்//

இப்போது மட்டும் எனக்கு எத்தனை பேரைத் தெரிகிறதாம்? பாதிப் பேர் யாரென்று என் மகள்தான் சொல்லித் தருகிறாள்.

பிட்ஸ்பர்க்மாமா:

பழையசேனல் கணக்கு சரி. ஆனால் ஸ்பிரிங் சீசன் போனதில் என்ன போயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அமெரிக்கக் கால்பந்து சீசன் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தோடு முடியும். அப்படியென்றால் அதன் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் வீரர் யாரும் ஃபால் சீசனுக்கு வரவே முடியாது. ஸ்பிரிங்கில்தான் முடியும். எங்கள் ஹைன்ஸ் வார்ட் 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக சூப்பர் பவுல் ஆடித் தோற்றார். அந்த மே மாதமே மிரர்பால் தூக்கினார். அடுத்த ஸ்பிரிங்கில் கிரீன் பே அணியின் டொனால்ட் டிரைவர். 2013இல் ஜக்கோபி ஜோன்ஸ். எங்கள் எதிரி அணியான ரேவன்ஸ்காரர், இருந்தாலும் நன்றாக ஆடினார் என்று ஒப்புக்கொள்கிறேன். 2016இல் இன்னும் பிரமாதம். சூப்பர் பவுல் 50இன் சிறந்த வீரர் விருதை வாங்கிய வான் மில்லர், அடுத்த மாதமே மினுமினு சட்டையில் நின்றார். அதே சீசனில் எங்கள் அன்டோனியோ பிரவுனும் இருந்தார்.

இப்போது ஃபாலில் வருகிறவர்கள் ஓய்வு பெற்றவர்கள் அல்லது டீம் கிடைக்காதவர்கள். ஸ்பிரிங்கை நிறுத்தியதால் பிரபலங்களின் பஞ்சம் தீர்ந்தது என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான பிரபலங்கள் போனதே அதனால்தான். வீட்டில் ஆண்கள் சோபாவில் வந்து உட்கார்ந்ததற்கு அந்த வீரர்கள்தான் காரணம். சந்தேகம் இருந்தால் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிமோட்ராணி:

மாமா, நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. 2016 ஸ்பிரிங்கில் ஜெயித்தவர் நைல் டிமார்க்கோ இல்லையா? காது கேளாதவர், இசையே கேட்காமல் ஆடி ஜெயித்தார். அந்த ஒரு சீசனையே நான் மூன்று பேருக்குச் சொல்லிப் பார்க்க வைத்தேன். ஸ்பிரிங் சீசன் எல்லாம் சவசவ என்று சொல்ல முடியாது.

ஈஸ்ட்ஹாம்காரன்:

லண்டனிலிருந்து ஒரு குரல். தாய் நிகழ்ச்சி எங்களுடையது என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங் பிபிசியில் 2004 மே 15 அன்று ஆரம்பித்தது. பலருக்கு மறந்துபோன விஷயம், முதல் வருடம் இங்கேயும் இரண்டு சீசன் வந்தது. மே முதல் ஜூலை வரை ஒன்று, நடாஷா கப்லின்ஸ்கி ஜெயித்தார். அக்டோபரில் இன்னொன்று. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2005 முதல் வருடத்துக்கு ஒன்று, இலையுதிர் காலத்தில் தொடங்கிக் கிறிஸ்துமஸுக்கு முன் முடியும். இருபது வருடமாக அதே தாளம்.

ஆனால் ஒரு சீசன் என்றால் என்ன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சனிக்கிழமை ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட். வார நாட்களில் மாலையில் பிபிசி டூவில் இட் டேக்ஸ் டூ என்று ஒத்திகை, உடை, அரட்டை எல்லாம் காட்டும் துணை நிகழ்ச்சி. நவம்பரில் பிளாக்பூல் ஊரின் டவர் பால்ரூம் நடன அரங்குக்குப் போவார்கள், அந்த வாரம் வரை தாக்குப்பிடிப்பதே போட்டியாளர்களுக்குப் பாதி கோப்பை. கிறிஸ்துமஸ் அன்று சிறப்பு நிகழ்ச்சி. ஜனவரியில் அரங்கங்களில் டூர். ஆக மூன்று நான்கு மாதம் வீடு முழுக்க அதே பேச்சு, மீதி மாதங்களில் சத்தமே இல்லை. ஆகஸ்டில் இந்த வருடம் யார் யார் என்று பெயர் வெளியிட ஆரம்பித்தால் பேப்பர்களுக்கு அதுதான் செய்தி. மார்ச்சில் இன்னொரு சீசன் ஓடியிருந்தால் அந்தப் பரபரப்பு வருமா?

அதனால் கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை சீசன் என்பது ஒன்று. சீசன் ஓடும்போது வாரத்துக்கு எத்தனை இரவு என்பது இன்னொன்று. முதலாவதைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டியதுதான் பிபிசி செய்த வேலை. ஏபிசி இரண்டையும் ஒரே நேரத்தில் குழப்பிக்கொண்டது.

பே_ஏரியா_சுந்தர்:

+1 ஈஸ்ட்ஹாம். இங்கே மேற்குக் கரைக்காரர்களின் வயிற்றெரிச்சலையும் பதிவு செய்கிறேன்.

முன்பு திங்கள் இரவு ஆட்டம், செவ்வாய் இரவு ரிசல்ட் என்று இரண்டு நாள் இருந்தது. பாட்டுக்காரர் வருவார், தொழில்முறை நடனக்காரர்கள் தனியாக ஒரு ஆட்டம் போடுவார்கள், கடைசியில் யார் வெளியே என்று சொல்வார்கள். 2013 ஃபாலில் செவ்வாயைத் தூக்கிவிட்டார்கள். எல்லாம் ஒரே இரண்டு மணி நேரத்தில் அடைப்பு.

இப்போது ஆட்டம் நடக்கும்போதே ஓட்டு, ஆட்டம் முடிந்ததும் எலிமினேஷன். கிழக்கே எட்டு மணி என்றால் எங்களுக்கு மாலை ஐந்து. டிஸ்னி பிளஸில் நேரலையாகப் பார்க்கலாம்தான், ஆபீஸிலிருந்து 101 நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டே. ஏபிசியில் எங்கள் நேரப்படி எட்டு மணிக்கு நிம்மதியாக உட்கார்ந்தால் ஓட்டுப்பதிவு எப்போதோ முடிந்திருக்கும், யார் போனார் என்று போன் சொல்லிவிட்டிருக்கும். ஒரு நாள் கழித்து அரை மணி நேர ரிசல்ட் போதும். நாடு முழுக்க ராத்திரி பூரா ஓட்டுப் போடலாம்.

எனக்கு ஸ்பிரிங் சீசன் வேண்டாம். அந்த ரிசல்ட் நாளைத் திருப்பிக் கொடுங்கள்.

பழையசேனல்:

சுந்தர், கோரிக்கை நியாயம். ஆனால் அந்த ரிசல்ட் நிகழ்ச்சியை மறந்துவிட்டீர்களா? ஒரே ஒரு பெயரைச் சொல்வதற்கு ஒரு மணி நேரம். விளக்கை அணைப்பார்கள், இசையை ஏற்றுவார்கள், விளம்பரத்துக்குப் போவார்கள். என் அப்பா அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் எழுந்து வருவார். ஸ்ட்ரிக்ட்லியில் ஞாயிறு ரிசல்ட்டை சனிக்கிழமை இரவே பதிவு செய்துவிடுகிறார்கள், அது இணையத்தில் கசிகிறது, பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு ஞாயிறு பார்க்கிறார்கள். அது மட்டும் என்ன வாழ்கிறது?

ஈஸ்ட்ஹாம்காரன்:

கசிகிறது, உண்மை. ஆனாலும் ஞாயிறு பார்க்கிறோமே! கடைசி இரண்டு ஜோடி மறுபடி ஆடி நடுவர்கள் முடிவு சொல்கிற டான்ஸ் ஆஃப் இருக்கிறது. ரிசல்ட்டுக்கு ஒரு நாள் வேண்டுமென்றால் அந்த நாளில் ஒரு ஆட்டமும் நடக்க வேண்டும். உங்கள் ஊரில் பெயரை மட்டும் வாசித்தார்கள், அதனால் செத்தது.

சலங்கை:

நான் ஹூஸ்டனில் பரதம் சொல்லிக்கொடுக்கிறவள். எல்லோரும் பார்ப்பவர்கள் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். ஆடுகிற உடம்பைப் பற்றி ஒருவராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் சில வாரங்கள் ஒத்திகை கிடைக்கும். அதன் பிறகு வாரம் ஒரு புது நடனம். இந்த வாரம் வால்ட்ஸ் என்றால் அடுத்த வாரம் ஜைவ். ஒன்றில் உடம்பு மிதக்க வேண்டும், இன்னொன்றில் முழங்கால் தெறிக்க வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு தசை. 2008இல் மிஸ்டி மே ட்ரெனர், பெய்ஜிங்கில் கடற்கரை வாலிபாலில் தங்கம் வாங்கிய இரண்டாவது மாதம், ஜைவ் ஒத்திகையில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். ஒலிம்பிக் உடம்புக்கே அந்தக் கதி.

பிரபலமாவது ஒரு சீசனோடு வீட்டுக்குப் போய்விடுவார். தொழில்முறை நடனக்காரரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் தன் ஜோடிக்கு நடனம் அமைக்க வேண்டும், அதை ஆடத் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அவர் எடையைத் தாங்க வேண்டும், குழு நடனத்தில் வேறு நிற்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு சீசன், நடுவில் டூர். செரில் பர்க் அப்படி 26 சீசன் ஆடிவிட்டு 2022இல் விடைபெற்றார். ஆட்டக்காரர்களை விடுங்கள், நடுவர்களே விமானத்தில்தான் வாழ்ந்தார்கள். லென் குட்மனும் புரூனோ டோனியோலியும் ஃபால் சீசனில் சனிக்கிழமை லண்டனில் ஸ்ட்ரிக்ட்லி, திங்கட்கிழமை லாஸ் ஏஞ்சலஸில் இது என்று வாராவாரம் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள்.

அமைப்பிலேயே ஒரு சோர்வு தெரியும். முதல் சீசன்களில் சில நடனங்கள் புதுசு. பதினைந்தாவது சீசனில் அதே ரும்பா, அதே பாலைவன செட், அதே சட்டை கிழிப்பு. நடனம் அமைப்பவருக்குச் சும்மா இருக்கிற மாதங்கள் வேண்டும். அப்போதுதான் வேறு எதையாவது பார்க்க, கேட்க முடியும். நான் வருடத்துக்கு ஒரு அரங்கேற்றத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை, கேட்டுப் பெற்றோர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

பிட்ஸ்பர்க்மாமா:

சலங்கை மேடம் சொன்னால் தலை வணங்குகிறேன். ஆனால் நடனக்காரர்களுக்கு ஓய்வு வேண்டுமென்றால் இரண்டு குழு வைக்கலாமே? ஸ்பிரிங்குக்கு ஒன்று, ஃபாலுக்கு ஒன்று.

சலங்கை:

வைக்கலாம். ஆனால் தொழில்முறை நடனக்காரர் டெரெக் ஹஃப் ஆடிய காலத்தில் அவரைப் பார்க்க வந்தவர்கள் அவர் இல்லாத சீசனைப் பார்த்திருப்பார்களா? பிரபலம் மாறிக்கொண்டே இருக்கிற நிகழ்ச்சியில் ரசிகர்கள் பிடித்துக்கொண்டு நிற்பது மாறாத அந்த நடனக்காரர்களைத்தான்.

பழையசேனல்:

டெரெக் பேச்சு வந்ததால் ஒன்று. அவர் மொத்தம் ஆறு முறை ஜெயித்தார். அதில் 2010இல் இரண்டு, 2013இல் இரண்டு. அவரோடு ஆடிய நிக்கோல் ஷெர்சிங்கர், ஜெனிஃபர் கிரே ஒரே வருடம். கெல்லி பிக்லர், ஆம்பர் ரைலி ஒரே வருடம். இதில் யார் எந்த சீசன் என்று யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். நல்ல நடனங்கள்தான், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு சாம்பியன் என்றால் மனதில் எங்கே தங்கும்? ராபர்ட் இர்வினை அடுத்த நவம்பர் வரை சாம்பியன் என்று சொல்லிக்கொண்டிருப்போம். அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

இன்னொன்று, 2018ஐ யாரும் சொல்லவில்லை. அந்த ஒரே வருடத்தில் மூன்று! ஏப்ரல் கடைசியில் விளையாட்டு வீரர்களை மட்டும் வைத்து நாலு வார சீசன், ஆடம் ரிப்பன் ஜெயித்தார். செப்டம்பரில் வழக்கமான சீசன். அக்டோபரில் கூடவே குழந்தைகளுக்கு ஜூனியர்ஸ், அது ஒரே சீசனில் முடிந்தது. அந்த ஃபாலில்தான் நடுவர்களின் மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்த ரேடியோக்காரர் பாபி போன்ஸ் தன் ரசிகர்களின் ஓட்டில் கோப்பையை அள்ளினார். ஊர் சிரித்தது. அதன் பிறகு 2019 செப்டம்பர் வரை மூச்சே இல்லை. திரும்பி வரும்போது கடைசி இரண்டு ஜோடியில் யார் தங்குவது என்று நடுவர்கள் தீர்மானிக்கலாம் என்ற புது விதியோடு வந்தார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் உட்கார்ந்து யோசித்திருப்பார்களா?

அரைத்தூக்கம்:

மானாட மயிலாட சீசன் மேல் சீசனாக ஓடவில்லையா? நாம் பார்க்கவில்லையா? ஜோடி நம்பர் ஒன் வேறு. யாரும் சலித்துக்கொண்டதாக நினைவில்லை. கலா மாஸ்டர் இருந்தால் வருடம் முழுக்கவே பார்க்கலாம்.

பே_ஏரியா_சுந்தர்:

ஹா ஹா. அதில் யார் ஜெயித்தார்கள் என்று ஒரு பெயர் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:

ஜெயிப்பதற்காகவா பார்த்தோம்? நடுவர்கள் பேசுவதைக் கேட்கத்தானே!

நெறியாளர்:

அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தலைப்போடு நில்லுங்கள்.

ரிமோட்ராணி:

நெறியாளர் அனுமதித்தால் இந்தியப் பக்கம் ஒரு அடி, ஏனென்றால் இது அதே பிபிசி உரிமத்தில் வந்தது. ஜலக் திக்லா ஜா. 2006இல் சோனியில் ஆரம்பித்து அப்புறம் கலர்ஸுக்குப் போனது. 2017க்குப் பிறகு 2022 வரை ஐந்து வருடம் ஆளையே காணவில்லை. என் நாத்தனார் பம்பாயில் அதற்காகவே வார இறுதியில் எங்கும் வெளியே கிளம்ப மாட்டாள். திரும்பி வந்தபோது அவளுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. நடுவில் வேறு எதையோ பார்க்கப் பழகிவிட்டாள். அதிகம் போட்டால் சலிக்கும் என்கிறீர்கள். போடாமலே விட்டால் மறந்துபோகும், அதையும் கணக்கில் எடுங்கள். பத்து மாத இடைவெளி எனக்கு நீளமாகத்தான் தெரிகிறது.

ஈஸ்ட்ஹாம்காரன்:

பத்து மாதம் நீளம் இல்லை அக்கா. தீபாவளிக்கும் தீபாவளிக்கும் நடுவில் அவ்வளவு இருக்கத்தானே செய்கிறது. ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் வரும் என்று தெரிந்தால் மறக்காது. ஜலக்கின் குறை அது எப்போது வரும் என்றே தெரியாமல் போனதுதான்.

பழையசேனல்:

ஒரு நடைமுறைக் காரணத்தையும் போட்டுவிடுகிறேன், அப்புறம் வேண்டுமானால் ஆசைப்படுங்கள். ஃபாக்ஸ் சேனலில் முடிந்துபோன அமெரிக்கன் ஐடல் பாட்டுப் போட்டி 2018 மார்ச்சில் ஏபிசிக்கு வந்து சேர்ந்தது. முதல் சீசனைத் தவிர ஐடல் என்றுமே வருடத்தின் முதல் பாதிக்காரன். வந்த வருடமே ஞாயிறும் திங்களும் அதற்கு. அந்த ஸ்பிரிங்கில் நடன நிகழ்ச்சி நாலு வாரமாகச் சுருங்கியதும், அடுத்த ஸ்பிரிங்கில் காணாமல் போனதும் சும்மா நடந்ததா? நேரலை, ஓட்டு, நடுவர்கள் என்று ஒரே மாதிரி இரண்டு நிகழ்ச்சியை ஒரே சேனல் ஒரே பருவத்தில் ஓட்டாது. பாட்டு ஸ்பிரிங்குக்கு, ஆட்டம் ஃபாலுக்கு. ஐடல் இருக்கும் வரை இதுதான்.

சர்வைவர் நிகழ்ச்சியை உதாரணம் காட்டி யாராவது வருவதற்கு முன்னால் சொல்கிறேன். அது வருடத்துக்கு இரண்டு ஓடுகிறது, உண்மை. ஆனால் ஃபிஜியில் முன்பே எடுத்து, வெட்டி ஒட்டி, பிறகு போடுகிறார்கள். பிரபலங்களும் தேவையில்லை. நேரலையில் ஆடுவது வேறு சமாச்சாரம்.

பிட்ஸ்பர்க்மாமா:

சரி, நான் இறங்கி வருகிறேன். வருடா வருடம் ஸ்பிரிங் வேண்டாம். நாலு வருடத்துக்கு ஒருமுறை, குளிர்கால ஒலிம்பிக் நடக்கிற வருடத்தில் மட்டும் வீரர்கள் சீசன். 2014இல் சோச்சியில் பனிநடனத்தில் தங்கம் வாங்கிய மெரில் டேவிஸ் அடுத்த மாதமே வந்து ஜெயித்தார். அவருடைய பனிநடன ஜோடி சார்லி வைட்டும் அதே சீசனில் வேறு ஜோடியோடு ஆடினார். 2018இல் பியோங்சாங் ஒலிம்பிக்கிலிருந்து ஆடம் ரிப்பன். அந்த வீரர்களின் புகழ் ஆறு மாதம் தாங்காது, செப்டம்பர் வரை காத்திருந்தால் ஆறிவிடும். 2026 பிப்ரவரியில் மிலானில் குளிர்கால ஒலிம்பிக். கால்பந்து வீரர்களும் அப்போது சும்மாதான் இருப்பார்கள். கணக்குச் சரியாக வருகிறதா இல்லையா?

பே_ஏரியா_சுந்தர்:

இது பிடித்திருக்கிறது. நாலு வருடத்துக்கு ஒருமுறை என்றால் சலிக்காது, ஐடலும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கலாம். கூடவே எனக்கு அந்த ரிசல்ட் நாள்.

சலங்கை:

எனக்கும் ஆட்சேபம் இல்லை, ஒரு நிபந்தனையோடு. 2018 போல நாலு வாரம் வைக்காதீர்கள். முதல் வாரமே இரண்டு ஜோடிகளை வெளியே அனுப்பினார்கள். நாலு வாரத்தில் பாசோ டோப்ளே நடனத்தின் நிற்கிற நிலைகூட வராது. குதிகால் செருப்புக்கே கால் பழகியிருக்காது. குறைந்தது எட்டு வாரம் கொடுங்கள்.

பழையசேனல்:

எட்டு வாரம் என்றால் மார்ச் நடுவில் தொடங்கி மே வரை போகும். ஐடல் ஃபைனல் மே மாதத்தில். ஏபிசி நகராது.

பிட்ஸ்பர்க்மாமா:

நாளை மாற்றிக்கொள்ளட்டும். ஐடல் வராத வாரநாள் எத்தனையோ இருக்கிறது. வியாழக்கிழமை வைத்தால் நான் பார்க்கிறேன்.

ரிமோட்ராணி:

வியாழன் எனக்கு ஆகாது மாமா, மகளுக்கு வயலின் வகுப்பு. புதன்?